சிரட்டையில் ஊற்றிய தண்ணீர்: பிள்ளைகள் மனதில் பாகுபாடு வேர்பிடிக்கும் விதம்

எனக்கு ஆறு வயதிருக்கும். ஆச்சி வீட்டுப் பின்வாசல் வேப்பமரத்தடியில் சித்தி பிள்ளைகளோடு சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தோம். ஒருத்தி அம்மா, ஒருவன் அப்பா, சின்னச் சித்தி மகன் தேங்காய் வெட்ட வருகிறவர். அவன் மரம் ஏறி இறங்குவதுபோல நடித்துவிட்டு வந்து, "தாகமா இருக்கு, தண்ணி குடுங்க" என்றான். சொப்பு டம்ளர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. எழுந்துபோய், விறகு அடுக்கியிருந்த மூலையில் ஒரு சிரட்டையைத் தேடி எடுத்துவந்து, அதில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தேன். அவனும் அதை மறுபேச்சில்லாமல் எடுத்துக் குடித்தான்.

நிஜமாகத் தேங்காய் வெட்ட வருகிறவருக்குப் பின்வாசல் மாடக்குழியில் ஓர் அலுமினிய டம்ளர் இருக்கும். அவரே எடுப்பார், குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். அது ஏன் தனியாக இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அந்த வீட்டில் யாரும் அவரைத் திட்டியோ கேவலமாகப் பேசியோ நான் பார்த்ததில்லை. பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார்கள். அவர் பேரப்பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஆச்சி விசாரிப்பாள். இத்தனை நல்லபடியாக நடந்த வீட்டில்தான் என் கை சிரட்டையைத் தேடிப் போனது.

பிள்ளைகளுக்குப் பாகுபாட்டை யாரோ வெறுப்பேற்றிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அப்படிக் கற்றுக்கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் யாரும் வாய் திறந்து எதையும் சொல்வதில்லை. யார் எங்கே உட்காருகிறார்கள், யாருக்கு எந்தப் பாத்திரம், யார் வந்தால் அம்மாவின் குரல் மாறுகிறது என்று பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. பார்த்ததிலிருந்து ஒரு விதியைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. கடந்த 80 ஆண்டுகளுக்கும் மேலாக உளவியலாளர்கள் செய்துவரும் ஆய்வுகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன.

தொட்டிலிலிருந்தே ஆரம்பிக்கலாம். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளிடம் வெவ்வேறு இனத்தவரின் முகங்களைக் காட்டினால் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் பார்க்கின்றன. மூன்று மாதம் ஆனதும், தன்னைச் சுற்றி அடிக்கடி பார்க்கும் இனத்து முகத்தையே அதிக நேரம் உற்றுப் பார்க்கின்றன. இதை வைத்து, "பார்த்தீர்களா, வேற்றுமை பார்ப்பது மனித இயல்பு" என்று சிலர் முடித்துவிடுவார்கள். அதற்கு நல்ல பதிலாக 2006-ல் இஸ்ரேலில் ஓர் ஆய்வு வந்தது. எத்தியோப்பியாவிலிருந்து குடிவந்தவர்களின் கைக்குழந்தைகளை அதில் கவனித்தார்கள். கறுப்பு முகங்களையும் வெள்ளை முகங்களையும் தினமும் பார்த்து வளர்ந்த அந்தக் குழந்தைகளுக்கு இரண்டில் எதன்மீதும் தனி நாட்டம் இல்லை. குழந்தை கொண்டுவருவது பழகியதைத் தேடும் பழக்கத்தை மட்டுமே. எதைப் பழக்குவது என்பது நம் கையில் இருக்கிறது.

இரண்டு மூன்று வயதானதும் பிள்ளைக்குப் பொருள்களை ரகம் பிரிக்கும் ஆசை வருகிறது. காராமணியையும் மொச்சையையும் கலந்து முன்னால் வைத்தால் உட்கார்ந்து தனித்தனியாகப் பிரிக்கும். மனிதர்களையும் அதே ஆசையோடுதான் பிரிக்கப் பார்க்கிறது. ஆனால் மனிதர்களை எதை வைத்துப் பிரிப்பது? உயரம், மூக்கு, கண்ணாடி, மீசை, சட்டை நிறம் என்று ஆயிரம் வித்தியாசம் கண்ணில் படுகிறது. இதில் எது முக்கியம் என்று பிள்ளைக்குத் தெரியாது. பெரியவர்கள் எதை முக்கியமாக எடுத்துக்கொள்கிறார்களோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்க உளவியலாளர் ரெபேக்கா பிக்லர் இதைச் சோதித்துப் பார்த்தார். கோடைக்காலப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு நீலம், மஞ்சள் என்று இரண்டு நிறத்தில் பனியன் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் பிள்ளைகள் பனியனைப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆசிரியர் அந்த நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறு சில வகுப்புகளில் ஆசிரியர் நிறத்தை வைத்து வரிசையில் நிற்கச் சொன்னார், நிறத்தை வைத்து உட்காரவைத்தார். எந்த நிறம் உசத்தி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில வாரம் போனதும் பார்த்தால், நிறத்தைக் கண்டுகொள்ளாத வகுப்பில் பிள்ளைகளுக்குள் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. வரிசை பிரித்த வகுப்பில் பிள்ளைகள் தங்கள் நிறத்துக்காரர்களை மேலானவர்களாக நினைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கட்டும் கைக்கயிறுதான் நினைவுக்கு வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது கோயில் கயிறு மாதிரி தெரியும். உள்ளூர்ப் பிள்ளைக்கு, எதிரே வருகிறவன் கையில் இருக்கும் நிறத்தைப் பார்த்ததுமே அவன் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். 2015-ல் திருநெல்வேலி மாவட்ட நிர்வாகம் பள்ளிகளில் இதற்குத் தடை போட்டது. 2019-ல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. அப்புறமும் கயிறு போகவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. பதின்பருவத்துப் பிள்ளைகள். அரிவாள் எடுக்கும் துணிவு ஒரே இரவில் வந்துவிடாது. அதற்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வருடப் பாடம் இருக்கிறது. கயிறு அந்தப் பாடத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பகுதி.

பனியன் சோதனையோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று, ஹென்றி தாஜ்ஃபெல் 1970 வாக்கில் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களிடம் செய்தது. 14, 15 வயதுப் பையன்கள். இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் உனக்குப் பிடித்தது என்று கேட்டு அதை வைத்துக் குழு பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான் பிரித்தார்கள். கூட இருப்பவன் யார் என்றுகூடத் தெரியாது. அப்படியும் பணத்தைப் பங்கு போடச் சொன்னபோது தன் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள். தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூட இருக்கவேண்டும் என்றுகூடச் சிலர் கணக்குப் போட்டார்கள். ஒன்றுமில்லாத ஒரு கோட்டுக்கே இந்தப் பலம் இருக்கிறது. தெரு, கிணறு, சுடுகாடு, கோயில் எல்லாம் சேர்ந்து காட்டும் கோட்டின் பலத்தைச் சொல்லவா வேண்டும்?

பெரியவர்கள் அந்தக் கோட்டை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் இடம். நாம் காட்டுகிறோம் என்று நமக்கே தெரியாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு காணொளி போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு பெண்ணிடம் மற்றவர்கள் முகம் மலர்ந்து, சாய்ந்து, குரல் குழைந்து பேசுகிறார்கள். இன்னொரு பெண்ணிடம் அதே வார்த்தைகளை முகத்தைச் சுருக்கி, விறைப்பாக நின்று சொல்கிறார்கள். திட்டு ஏதும் இல்லை. பார்த்து முடித்ததும் யாரைப் பிடித்திருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் முதல் பெண்ணைக் காட்டினார்கள். அந்தப் பெண்ணின் தோழி என்று யாரைச் சொன்னாலும் அவரையும் பிடித்திருந்தது. ஒரு மனிதர்மீது காட்டிய முகச்சுளிப்பு அவரோடு சேர்ந்தவர்கள்மீதும் படிந்துவிடுகிறது.

முகச்சுளிப்பு மட்டுமல்ல, மொழியும் வேலை செய்கிறது. தமிழில் இதற்கென்றே செய்துவைத்த மாதிரி ஒரு சொல் இருக்கிறது: "ன்னாலே". அவங்கன்னாலே அப்படித்தான். அந்தத் தெருக்காரங்கன்னாலே சண்டைதான். இந்திக்காரன்னாலே பான்பராக்தான். ஒரு ஆளைப் பற்றிய செய்தி "ன்னாலே" போட்டதும் ஒரு கூட்டத்தின் குணமாகிவிடும். அமெரிக்காவில் மார்ஜரி ரோட்ஸ் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை நேராகவே சோதித்தார்கள். "ஸார்பி" என்று இல்லாத ஒரு கூட்டத்தை உருவாக்கி நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். சிலருக்கு, "இந்த ஸார்பிக்குப் பூச்சி என்றால் பயம்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். சிலருக்கு, "ஸார்பிகளுக்குப் பூச்சி என்றால் பயம்" என்று பொதுவாகச் சொன்னார்கள். பொதுவாகக் கேட்ட பிள்ளைகள்தான், அது ஸார்பிகளுக்குப் பிறப்பிலேயே வருவது, வேறு வீட்டில் வளர்ந்தாலும் மாறாது என்று நம்பினார்கள். படத்தில் ஸார்பிகள் ஆணும் பெண்ணும் குழந்தையும் கிழவருமாகப் பல நிறத்தில் இருந்தார்கள். ஒற்றுமை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வாக்கியத்தின் அமைப்பே அந்த நம்பிக்கையை விதைத்துவிட்டது.

நம் மொழியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதை எந்த வெளிநாட்டு ஆய்வும் சொல்லாது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து நம் பிள்ளை, யாருக்கு "வா", யாருக்கு "வாங்க" என்று பழகிவிடுகிறது. பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். தாத்தாவுக்கு "வாங்க". மளிகைக் கடைக்காரருக்கு "வாங்க". தேங்காய் வெட்ட வருகிறவருக்கு என் தாத்தா வயது. அவரை நாங்கள் வாண்டுகள் எல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். "ஏறு, இறங்கு, இன்னும் ரெண்டு வெட்டு" என்றுதான் பேசினோம். யாரும் எங்களைத் திருத்தவில்லை. வேறு எந்தப் பெரியவரிடம் அப்படிப் பேசியிருந்தாலும் தொடையில் கிள்ளு விழுந்திருக்கும். வயதுக்கு மரியாதை என்பது பொதுவிதி, இவர் அந்த விதிக்குள் வரமாட்டார் என்பதை ஐந்து வயதுக்குள் இலக்கணத்தோடு சேர்த்துக் கற்றுக்கொண்டேன். துப்புரவுப் பணியாளரை, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவை, மேஸ்திரியின் கூட வருகிற சித்தாளை உங்கள் வீட்டுப் பிள்ளை எப்படிக் கூப்பிடுகிறது என்று ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

ஆண், பெண் விஷயத்தில் இந்தப் பாடம் இன்னும் சீக்கிரம் ஏறிவிடுகிறது. 2017-ல் சயன்ஸ் இதழில் வெளியான லின் பியானின் ஆய்வில் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். அதில் ஒருவர் மகா புத்திசாலி, ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. படத்தில் இருப்பவர்களில் அவர் யார் என்று கேட்டார்கள். ஐந்து வயதில் பையன்கள் ஆணையும் பெண்பிள்ளைகள் பெண்ணையும் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதுக்குள் பெண்பிள்ளைகளிடம் அந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுப்பது யார் என்று கேட்டால் பெண்கள்தான் என்று அப்போதும் சொன்னார்கள். மதிப்பெண் வேறு, மூளை வேறு என்று பிரித்துவிட்டார்கள். இது எங்கோ கேட்ட கதை இல்லை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருகிற ஒவ்வொரு வருடமும் மாணவிகளின் தேர்ச்சி விகிதம்தான் மேலே இருக்கிறது. அன்று சாயங்காலமே ஏதோ ஒரு வீட்டில், "பொண்ணுங்க உருப்போட்டு எழுதிடுவாங்க, இவனுக்கு மூளை இருக்கு, உக்காந்து படிக்க மாட்டேங்கறான்" என்று ஒரு குரல் கேட்கும். ஆறு வயதுத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருப்பாள்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் மேலே நிற்கும் பிள்ளையின் கதை. எதிர்ப்பக்கத்துப் பிள்ளையும் அதே பாடத்தைத்தான் படிக்கிறது. 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி, மூன்று முதல் ஏழு வயதுவரையான 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டினார்கள். எதோடு விளையாடுவாய் என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். அடுத்துக் கேட்ட கேள்விதான் கொடுமை: "இதில் உன்னைப்போல இருப்பது எது?" சில பிள்ளைகள் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடிவிட்டார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது இந்த ஆய்வையும் குறிப்பிட்டது. நம் வீடுகளில் பொம்மை தேவையில்லை, வெயில் போதும். "வெளியே ஆடாதே, கறுத்துப்போயிடுவே" என்று சொல்லும்போது, ஏற்கெனவே கறுப்பாகப் பிறந்த பிள்ளை அதே அறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.

உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களிடம் புதிர்ப்பாதை போடும் போட்டி வைத்தார்கள். சரியாகப் போட்டால் காசு. சாதியைச் சொல்லாமல் உட்காரவைத்தபோது தலித் பிள்ளைகளும் உயர்சாதிப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே போட்டார்கள். வேறு சில குழுக்களில் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் உரக்க வாசித்தார்கள். அங்கே தலித் பிள்ளைகளின் கை தடுமாறிவிட்டது. போட்டி அதே போட்டி, பிள்ளைகளின் திறமையும் அதேதான். வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, உதவித்தொகைப் பணம் வந்தால் வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்கக்கூடாது என்று சொல்கிறவர்களைப் பார்த்து, "இதுல என்ன இருக்கு?" என்று கேட்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது என்பதை அந்தப் புதிர்த்தாள்கள் காட்டிவிட்டன.

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கத்தில் பாஞ்சாகுளத்துப் பெட்டிக்கடைக் காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். மிட்டாய் வாங்கப் போன தலித் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், இனிமேல் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். குரல் உயரவில்லை. கடைக்காரர் கைதானார், கடைக்குச் சீல் வைத்தார்கள். சட்டம் செய்யவேண்டியதைச் செய்தது. என் மனதில் நிற்பது அந்தப் பிள்ளைகள் நின்ற விதம். கையில் காசு இருக்கிறது, கடையில் மிட்டாய் இருக்கிறது, ஏன் கிடைக்காது என்று புரியாமல் முழிக்கிறார்கள். மறுவருடம் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைக்கிறார் என்று பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் சில பெற்றோர் தடுத்தார்கள். பசியோடு வந்த பிள்ளை, சூடான சாப்பாட்டுக்கு முன்னால் "வேண்டாம்" என்று சொல்லப் பழகுகிறது. பாடம் வயிறுவரைக்கும் போய்விட்டது.

சரி, பள்ளிக்கூடம் இதை மாற்றாதா? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் "தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத் தன்மையற்ற செயல்" என்று அச்சிட்டிருக்கும். நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். சொல்லித்தருவதால் கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் அது எந்த வகைப் பலன் என்று பார்க்கவேண்டும். 113 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜெர்மானிய ஆய்வாளர்கள், பாகுபாடு ஐந்து முதல் ஏழு வயதில் உச்சத்துக்குப் போய், அப்புறம் எட்டு, பத்து வயதில் சற்றுக் குறைவதாக 2011-ல் எழுதினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்ட்ரூ பாரனும், நம் நாட்டிலிருந்து போன மசரின் பனாஜியும் 2006-ல் வேறொன்றைக் காட்டினார்கள். வெள்ளை அமெரிக்கர்களில் ஆறு வயதுப் பிள்ளைகள், பத்து வயதுப் பிள்ளைகள், பெரியவர்கள் என்று மூன்று வயதினரைச் சோதித்தபோது, வாயால் சொல்லும் பாகுபாடு வயதோடு குறைந்துகொண்டே வந்தது. யோசிக்க நேரம் கொடுக்காமல் சோதித்தால் வெளிவரும் உள்மனச் சாய்வு மட்டும் ஆறு வயதில் எவ்வளவோ அவ்வளவே பெரியவர்களிடமும் இருந்தது. எது சொல்லலாம், எது சொல்லக்கூடாது என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. பாடநூலின் வரியைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளையின் கையிலேயே கயிறும் கட்டியிருப்பது இதனால்தான்.

பழகியதால் வந்ததைப் பழகித்தான் மாற்றமுடியும். இதற்கு டெல்லியில் ஒரு நல்ல சான்று கிடைத்தது. 2007-ல் அங்கே பல தனியார் பள்ளிகள் ஐந்தில் ஒரு பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டி வந்தது. பணக்காரப் பெற்றோர் பலர் பயந்தார்கள். பொருளியலாளர் கௌதம் ராவ் அந்தப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் தர்ம காரியங்களில் அதிகம் ஈடுபட்டார்கள், பங்கு போடும்போது தாராளமாக இருந்தார்கள். தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வேகமாக ஓடுகிற ஏழைப் பையனை விட்டுவிட்டு மெதுவாக ஓடுகிற பணக்காரப் பையனை எடுக்கும் வழக்கம் அவர்களிடம் குறைந்திருந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சில பள்ளிகளில் படிப்புக் குழுவைப் பெயரின் அகரவரிசைப்படி பிரித்திருந்தார்கள். அப்படித் தற்செயலாக ஏழைப் பிள்ளையோடு ஒரே குழுவில் விழுந்தவர்களிடம்தான் மாற்றம் நன்றாகத் தெரிந்தது.

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு வேண்டாம், பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம் என்ற பரிந்துரைகள்தான் தொலைக்காட்சி விவாதங்களில் அடிபட்டன. பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்காரவையுங்கள் என்பதும் அதில் இருந்தது. அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பெரிய பரிந்துரையாகப் படுகிறது. ஒரே பெஞ்சில் பத்து மாதம் உட்கார்ந்து, ஒரே ஸ்கேலைக் கடன் வாங்கி, ஒன்றாகத் திட்டு வாங்குவதற்கு ஈடான பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் மேட் லோ என்பவர் இளைஞர்களுக்குக் கிரிக்கெட் போட்டி நடத்தினார். ஒரே அணியில் பல சாதிக்காரர்கள் ஆடியபோது சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாகச் சந்தித்துக்கொண்டவர்களிடம் அது குறைந்தது. தெருவுக்கு ஓர் அணி என்று ஊர்த் திருவிழாவில் கபடி நடத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வீட்டுக்கு வருகிறேன். என் மகள் முதல் வகுப்பு படிக்கிறாள். அவள் பெஞ்சில், பக்கத்துக் கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். போன மாதம் வேனிலிருந்து இறங்கியதும் கேட்டாள்: "அம்மா, வடக்கன்னா யாரு?" வேனில் பெரிய வகுப்பு அண்ணன் யாரோ சொல்லியிருக்கிறான். அது ஆளைக் கேலி செய்யும் சொல், நம் வீட்டில் வேண்டாம், அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறதல்லவா என்றேன். பெயரைச் சொன்னாள், கூடவே அவன் மூன்று செகண்டில் ஷூ லேஸ் கட்டுவான் என்றும் சொன்னாள். அந்தமட்டில் நல்லபடியாகத்தான் போனது. பையைக் காலி செய்யும்போது பார்த்தால் தண்ணீர் பாட்டில் காலி. அவனுக்கும் கொடுத்தேன் என்றாள். மழைக்காலம், வகுப்பில் பாதிப் பேருக்குச் சளி. "பாட்டிலை யாருக்கும் குடுக்காதம்மா" என்றேன். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனுக்குக் குடுக்கக் கூடாதா? இல்ல, யாருக்குமே குடுக்கக் கூடாதா?"

"யாருக்குமே" என்றுதான் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு நொடி ஆனது. என் வார்த்தையைவிட அந்த ஒரு நொடியைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.